வெட்டுக்கிளிக்கும் வெள்ளாட்டுக்கும் நடுவே

உலகத்தில் எத்தனையோ பாவங்கள் இருக்கின்றன. ரோவீனாவைக் கேட்டால், முதல் பாவம் எண்டர் விசையை இரண்டு தரம் தட்டுவதுதான் என்பாள்.

பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவில் அந்தப் பாவத்தைச் செய்யாத கை கிடையாது. தேவாலயத்துச் செயலர் பாட்டு வரிசையை அடித்துக் கொண்டுவருவார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நாலு எண்டர். பசுவைக் காணவில்லை என்று விளம்பரம் கொடுப்பவர், பசு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று காட்டுவது போல ஏழு எண்டர் தட்டியிருப்பார். 'பத்திக்குப் பின் இவ்வளவு இடைவெளி' என்று மென்பொருளிடம் ஒரு தரம் சொல்லிவிட்டால் அது கடைசிவரை மறக்காது. அதை விட்டுவிட்டு வெறும் வரிகளைப் போட்டு இடம் பண்ணுகிறார்களே, இது வீட்டுக்குள் ஆளே இல்லாமல் நாற்காலியாக அடுக்குவது மாதிரி இல்லையா என்று கத்துவாள். அந்த வரிகளுக்கு அவள் வைத்த பெயர் 'வெத்துவரி'. உள்ளே ஒன்றும் இருக்காது; கீழே இருப்பவர்களை இன்னும் கீழே தள்ளுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. பர்ன்ட் பைன் கடைவீதியில் இருக்கும் அந்த அச்சகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளிடம் இந்தத் திட்டை ஒரு தரமாவது வாங்கியிருப்பார்கள்.

தீவின் தொலைபேசிப் புத்தகத்துக்குப் பதினெட்டு வருஷமாக லே-அவுட் செய்கிறவள் அவள்தான். அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தீவில் குடும்பப் பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரே பெயரில் பத்துப் பதினோரு பேர் இருப்பார்கள். அதனால் புத்தகத்தில் ஆட்களைப் பட்டப்பெயரில்தான் போடுவது. அச்சக முதலாளி கார்த்தின் பெயர் 'பெருமூச்சு'. ரோவீனாவின் பெயர் 'அடிஸ்கேல்'. பட்டப்பெயரை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மூன்று பேர் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டுவிடும். வேண்டாம் என்று முரண்டு பிடித்தால் இன்னும் இறுகும். புதுப் பெயர் விழுந்தால் பழைய பெயர் அன்றோடு சரி. இந்தப் பெயர்களையெல்லாம் நான் தமிழில் சொல்கிறேன், வரிசையையும் நம் அகரவரிசைக்கே மாற்றிவிட்டேன். யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

புத்தகத்துக்கு இன்னொரு விதி உண்டு. செத்தவர்கள் அதில் இருக்கக் கூடாது. துக்க வீட்டுக்குப் போன் அடித்து, போனவரைக் கூப்பிடச் சொல்லி யாரும் அசடு வழியக் கூடாது என்பதற்காக வந்த விதி. ஒருவர் போனால் அவர் வரியை எடுப்பார்கள். கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஒரு வரி மேலே ஏறுவார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் ரோவீனா அப்படி இருபது முப்பது பேரை எடுத்திருக்கிறாள்.

இந்த வருஷம் எடுக்க வேண்டிய பெயர்களில் ஒன்று 'நண்டு'. நண்டு அவளுடைய தம்பி ஆல்வின்.

நவம்பரில் அவர்கள் அப்பா இறந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் ஆல்வின் தன் சின்னப் படகில் தனியாக மீன்பிடிக்கப் போனான். சாயங்காலம் படகு மட்டும் கவிழ்ந்து மிதந்தது. ஆள் கிடைக்கவில்லை. தீவு முழுக்கப் பாறை பாறையாகத் தேடியது. ஏழு மாதம் ஆகிவிட்டது.

"ஆளே கிடைக்காதப்போ செத்துட்டான்னு எப்படிச் சொல்லுவே?" என்று அவன் மனைவி மோய்ரா போன மாதமே கேட்டுவிட்டாள். "இதபாரு ரோவி, புத்தகத்துலேர்ந்து அவன் பேர எடுத்தேன்னு வெச்சுக்கோ, நான் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். போன்கூடப் பண்ண மாட்டேன்."

போன் பண்ண மாட்டேன் என்பது சாதாரணப் பேச்சில்லை. ஆல்வின் கடலிலிருந்து திரும்பும்போது நேரே தன் வீட்டுக்குப் போகிற வழக்கமில்லை. அக்கா வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்து, அவள் சுட்டுவைத்த வாழைப்பழ பில்ஹிப் பலகாரத்தை இரண்டு துண்டு தின்று, டீ குடித்துவிட்டுத்தான் போவான். ஆறு மணியானால் மோய்ரா போன் அடிப்பாள். "நண்டு அங்க இருக்கானா?" "இருக்கான், அனுப்பறேன்." பன்னிரண்டு வருஷமாகத் தினமும் இதே கேள்வி, இதே பதில். நவம்பருக்குப் பிறகு ஆறு மணிக்கு அந்தப் போன் அடிக்கவில்லை.

மோய்ரா சொன்னது ரோவீனாவுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பிழைதிருத்தத் தாள் எடுக்கும்போதெல்லாம் 'நண்டு' என்ற பெயர் கண்ணில் படுவதை அவளால் தாங்க முடியவில்லை. கடைசியாக அவனிடம் பேசியவள் அவள்தான். பேசியது நல்ல வார்த்தை இல்லை. துறையில் நின்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினாள். அந்த வார்த்தைகளைத் திரும்பவும் நினைக்காமல் இருக்க ஏழு மாதமாக அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்" என்றார் கார்த். வழக்கம்போல ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டார். "நண்டை என்ன பண்ணப்போறே?"

"எடுத்துடறேன்."

"மோய்ரா?"

"நான் பேசிக்கறேன்."

பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்க வந்தவர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, 'நண்டு' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். மேலே இருந்த வரியும் கீழே இருந்த 'நத்தை'யும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டன. அங்கே ஒருவன் இருந்த சுவடே தெரியவில்லை.

இடம் விழுந்தது கடைசிப் பக்கத்தில்.

'வெட்டுக்கிளி' என்ற வரிக்கும் 'வெள்ளாடு' என்ற வரிக்கும் நடுவே ஒரு வரி காலியாக இருந்தது. காலையில் அது இல்லை. ரோவீனாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கார்த் உட்கார்ந்து எதையோ தட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

மறைந்திருக்கும் குறிகளைக் காட்டச் சொன்னாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் பத்திக்குறி நீலமாகத் தோன்றியது. காலி வரியில் எதுவும் தோன்றவில்லை. அப்படியானால் அது வெத்துவரி இல்லை. வெட்டுக்கிளிக்குப் பின் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தாள்: ஒன்றரைப் புள்ளி, எல்லாருக்கும் உள்ளதுதான். வெள்ளாட்டுக்கு முன் இடைவெளி பூஜ்யம். அடுத்தடுத்து வரும் இரண்டு பத்திக்குறிகளைத் தேடி ஒன்றாக்கு என்றாள். எதுவும் கிடைக்கவில்லை என்றது கணினி. இரண்டு வரிகளையும் சேர்த்து அழித்துக் கையால் புதிதாக அடித்தாள். நெருங்கி உட்கார்ந்தன. 'அப்பாடா' என்று சேமித்து மூடி, மறுபடி திறந்தாள். இடம் இருந்தது.

கடைசியில் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, அந்தப் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து அடித்தாள். அறுபத்திரண்டு பெயர், அறுபத்திரண்டு எண். அதிலும் அந்த இடம் விழுந்தது. அச்செடுத்துக் கார்த்திடம் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"எழுத்து வெள்ளை கலர்ல இருக்கும்" என்றார்.

"எழுத்தே இல்லேங்கறேன், கலர் எங்கேர்ந்து வரும்?"

"அப்ப நீ எதையோ பார்க்காம விட்டுருக்கே."

பதினெட்டு வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். வெட்டுக்கிளியின் எண்ணுக்குப் பின்னால் சுட்டியை நிறுத்தி, வலப்பக்க அம்பு விசையைத் தட்டினாள். சுட்டி வெள்ளாட்டுக்குப் போகவில்லை. காலி வரியின் தொடக்கத்தில் போய் நின்று மினுக்கியது. இன்னொரு தரம் தட்டினாள். ஓர் எழுத்தின் அகலம் நகர்ந்தது. மறுபடி தட்டினாள். இன்னோர் எழுத்து. ஐந்து தரம் அப்படி நகர்ந்தது. ஆறாவது தட்டுக்குப் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒரே தாவாகத் தாவியது. பிறகு சின்னச் சின்னதாக ஐந்து நகர்வு. அதற்குப் பிறகுதான் வெள்ளாடு.

தீவில் எல்லாருடைய தொலைபேசி எண்ணுக்கும் ஐந்து இலக்கம். அந்தக் காலி வரியில் ஐந்தெழுத்தில் ஒரு பெயரும், ஐந்து இலக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ரோவீனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கணினியை அணைக்கக்கூடத் தோன்றாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வீட்டிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. சமையலறை மேசையைச் சுற்றி நாலு நாற்காலிகள். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்முன் நாலையும் மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போவாள். அவள் சுபாவம் அப்படி. திரும்பி வரும்போது சன்னலோர நாற்காலி மட்டும் வெளியே வந்திருக்கும். ஓர் ஆள் நுழைந்து உட்காருகிற அளவு. பழைய வீடு, தரை சாய்ந்திருக்கிறது என்று இத்தனை மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் அது வெளியே வந்திருந்தது. பூனை அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ரோவீனா நாற்காலியை உள்ளே தள்ளவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

புதன்கிழமை காலை கேஸ்கேட் துறைக்கு வண்டியை விட்டாள். எதிரே வந்த வண்டிக்காரர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்கள், இவளும் தூக்கினாள். தீவில் இதைச் செய்யாமல் போனால் மறுநாள் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

இந்தத் தீவுக்குத் துறைமுகம் கிடையாது. படகைக் கிரேனில் கட்டித் தூக்கித்தான் கடலில் இறக்க வேண்டும், தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அந்தக் கிரேனை ஓட்டுகிறவர்தான் வெட்டுக்கிளி. அறுபது வயது, உடம்பில் முக்கால்வாசி கால். கல்மேடையில் குந்தி ஒரு பெரிய மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அடிஸ்கேல், கடலை அளக்க வந்தியா?"

"உங்களைத்தான் பார்க்க வந்தேன். உங்களுக்கும் தேன் விக்கற வெள்ளாட்டுக்கும் நடுவுல யாராச்சும் இருக்காங்களா?"

"சீ, அவளுக்கு எழுபத்தஞ்சு வயசு. எனக்கும் அவளுக்கும் என்ன இருக்கப் போகுது?"

"கிண்டல் வேணாம். புத்தகத்துலதான் கேக்கறேன். உங்க பேருக்கு அடுத்து ஒரு வரி காலியா விழுது. என்ன பண்ணாலும் போக மாட்டேங்குது. யாருக்காவது புதுசா பேர் விழுந்துருக்கா? அஞ்செழுத்து. வெ-னாவுல ஆரம்பிக்கும்."

வெட்டுக்கிளியின் கத்தி நின்றது. அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டுடு" என்றார்.

"யாரு?"

"விட்டுடுனு சொல்றேன்ல. வெள்ளிக்கிழமை அச்சடிச்சுட்டு ரெண்டு நாள் லீவு எடு. மூஞ்சியப் பார்த்தா தூங்கின மாதிரி இல்ல."

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு மறைக்கறீங்க. யாரு வெச்ச பேரு அது?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, செதில் ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நீதான் வெச்ச" என்றார். "இதோ, இந்த எடத்துல நின்னுதான் வெச்ச."

ஏழு மாதமாக அவள் கதவைச் சாத்தி வைத்திருந்த அந்தக் காலை அப்படியே வந்து நின்றது. அப்பாவின் அடக்கத்துக்கு நினைவுத்தாள் அச்சடித்தவள் அவள். வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார்கள். ஏழு வயதுப் பேத்திகூட எழுதினாள். ஆல்வின் பெயருக்குக் கீழே ஆறு வரி இடம் விட்டு வைத்துக் காத்திருந்தாள். இதோ தருகிறேன், காலையில் தருகிறேன் என்றான். தரவே இல்லை. அடக்கத்தன்று காலையில் அவன் பெயரையும் எடுத்து, அந்த இடத்தையும் இழுத்து மூடித்தான் அச்சுக்கு அனுப்பினாள். பெற்ற மகன் பெயர் இல்லாத தாளைத் தீவே கையில் வைத்துக்கொண்டு நின்றது. அந்த அவமானத்தை அவளால் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவன் மீன்பிடிக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் ஓட்டமாக இங்கே வந்தாள். படகு கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது, கரையிலும் இல்லாமல் தண்ணீரிலும் இல்லாமல். உள்ளே அவன்.

"அப்பனுக்கு ரெண்டு வரி எழுதத் துப்பில்ல, மீனுக்குத் தூண்டில் போட மட்டும் கை வருதா? நீயெல்லாம் ஒரு மகனா? உள்ள ஒண்ணுமே இல்லாம எடத்த அடைச்சுக்கிட்டு! வெத்துவரிடா நீ! வெத்துவரி!"

துறையில் நின்ற மூன்று பேர் சிரித்தார்கள்.

ஆல்வின் அண்ணாந்து பார்த்தான். வண்டியில் எதிர்ப்படுகிறவருக்குக் காட்டுவது போல ஒரு விரலைத் தூக்கினான். படகு கீழே இறங்கிவிட்டது.

"நான் திட்டினேன்" என்றாள் ரோவீனா. "அது திட்டு. பேர் இல்ல."

"நாங்க சிரிச்சுட்டமே" என்றார் வெட்டுக்கிளி. "தப்புதான். ஆனா சிரிச்சுட்டோம். மூணு பேர்."

"அவன் அதை ஒத்துக்கல. ஒரு வார்த்தைகூடப் பேசல."

வெட்டுக்கிளி கத்தியை எடுத்து மறுபடி கீழே வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தவிப்பது அவளுக்குத் தெரிந்தது.

"பாறை தாண்டினதும் ரேடியோல சொல்லணும்ல, எல்லாரும் சொல்லுவாங்க. அவனும் சொன்னான். நான்தான் கேட்டேன். 'வெத்துவரி பேசறேன், பாறையத் தாண்டிட்டேன், கடல் நல்லாருக்கு'ன்னான். அதான் கடைசி. நண்டுன்னு சொல்லல. நாங்க மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம், உங்கிட்ட இதைச் சொல்றதில்லன்னு."

"சிரிச்சுக்கிட்டே சொன்னானா?"

"ரேடியோல எப்படிம்மா தெரியும்?"

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பாமல் அழுதாள். வெட்டுக்கிளி கிட்டே வரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி செதில் சுரண்ட ஆரம்பித்தார். அது அவருடைய மரியாதை.

அச்சகத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சத்தம் காதை அடைத்தது. கார்த் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். ரோவீனா கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். தேடல் பெட்டியில் 'நண்டு' என்று அடித்தாள். இல்லை என்றது. அதை அவள்தானே அழித்தாள். பெட்டியைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, 'வெத்துவரி' என்று அடித்தாள்.

ஒன்று கிடைத்தது.

வெட்டுக்கிளிக்கும் வெள்ளாட்டுக்கும் நடுவே, காலி வரியின் தொடக்கத்தில், ஐந்தெழுத்து அகலத்துக்கு ஒரு நீலப்பட்டை விழுந்தது. பட்டைக்குள் வெறும் காகிதம்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நெடுநேரம் அந்தப் பட்டையையே பார்த்தபடி இருந்தாள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவன் எங்கேயோ இருக்கிறான். அவள் வைத்த பெயரோடு இருக்கிறான்.

எங்கே இருக்கிறான் என்று பார்க்க வேண்டுமே. புத்தகத்தில் பெயருக்கு எதிரே இருக்கும் எண்தானே அதைச் சொல்லும். ஆல்வின், மோய்ரா வீட்டு எண்ணை அடித்துத் தேடினாள். மோய்ராவின் வரியில் மட்டும் பட்டை விழுந்தது. காலி வரியில் விழவில்லை. அப்படியானால் அவன் தன் வீட்டில் இல்லை. எண்களை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள். இரண்டு என்று அடித்தாள். காலி வரியின் எண் பகுதியில் முதல் இடத்தில் நீலம் விழுந்தது. அதில் அதிசயமில்லை, தீவில் எல்லா எண்ணும் இரண்டில்தான் தொடங்கும். ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து, எதுவும் விழவில்லை. ஆறுக்கு இரண்டாம் இடத்தில் விழுந்தது. எட்டுக்கு மூன்றாவது. ஏழு என்று அடித்ததும் கடைசி இரண்டு இடமும் சேர்ந்தாற்போல் நிறைந்தன.

எழுதிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பதினெட்டு வருஷமாக அந்த எண்ணை 'அடிஸ்கேல்' என்ற பெயருக்கு எதிரே அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள். அது அவள் வீட்டு எண்.

கார்த் திரும்பி வந்து குடையை உதறினார். அவள் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இந்தத் தரம் பெருமூச்சு வரவில்லை.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்றார்.

"அப்படியே விடுங்க."

"என்னது?"

"அந்த வரி அப்படியே இருக்கட்டும். இப்படியே அச்சடிங்க."

"வெத்துவரியோடயா? நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன்."

அவர் தாடையைச் சொறிந்தார். தீவில் அவருக்கும் காது இருக்கிறது. துறையில் நடந்தது அவருக்கும் எட்டியிருக்க வேண்டும். "செத்தவங்க புத்தகத்துல இருக்கக் கூடாதுனு ஒரு விதி இருக்கே, ரோவீனா."

"படிச்சுக் காட்டுங்க பார்ப்போம்" என்றாள். "அதுல யாரு இருக்கா?"

கார்த் அந்த வரியை உண்மையிலேயே படித்துப் பார்ப்பவர் போலக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து போய் இயந்திரத்துக்குக் காகிதம் போட ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் புத்தகம் வெளிவந்தது. தபால் நிலையத்திலும் கடைகளிலும் அடுக்கி வைத்தார்கள். கேட்கவா வேண்டும்? ரொட்டிக் கடையில் பிடித்துக்கொண்டார்கள். "அடிஸ்கேலே கோணிட்டா அப்புறம் நாங்கல்லாம் எங்க போறது?" "நாலு எண்டர் தட்டினான்னு போன வருஷம் எங்க அண்ணனைத் தொரத்தினியே, இது யாரு தட்டினது?" அவள் எல்லாருக்கும் சிரித்து வைத்தாள். ஆனால் சிலர் கேட்கவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து ரோவீனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்று பேர் மட்டும் காத்துவைத்த ரகசியமில்லை அது.

அன்று சாயங்காலம் பில்ஹி சுட்டாள். ஏன் சுட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. நவம்பருக்குப் பிறகு பில்ஹித் தட்டை அவள் அலமாரியிலிருந்து எடுத்ததே இல்லை. சன்னலோர நாற்காலி வழக்கம்போல வெளியே வந்திருந்தது. அவள் எதிரே உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தையும் பேனாவையும் அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"அவசரமில்ல" என்றாள். "எழுத வரும்போது எழுது. எழுத வராட்டியும் உக்காரு."

காகிதம் காலியாகவே இருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மோய்ராவின் குரல்.

"புத்தகம் வந்துச்சு."

"மோய்ரா, நான் உங்கிட்ட சொல்லாம எடுத்தது…"

"நண்டு இருந்த எடத்தப் பார்த்தேன். எடுத்துட்டே. உன்னைக் கிழிக்கணும்னுதான் போனைத் தூக்கினேன். அப்புறம் கடைசிப் பக்கம் பார்த்தேன்." ரிசீவரைக் கை மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "துறையில நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும் ரோவி. அன்னிக்கே தெரியும். உன்னோட இத்தனை மாசம் மூஞ்சி குடுத்துப் பேசாததுக்கு அதுதான் காரணம். நீ ஒரு வரிய வெறுமனே விடமாட்டே. செத்தாலும் விடமாட்டே. விட்டுருக்கே."

"ஆமா."

மழை நின்று வாசல் தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பூனை மேசைக்கடியில் வந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போகாமல், முதல் தரமாக அதன் காலடியில் படுத்தது. தலையை எதன் மேலோ சாய்த்துக்கொண்டது. அங்கே சாய எதுவும் இல்லை.

"ரோவி" என்றாள் மோய்ரா. "அவன் அங்க இருக்கானா?"

பன்னிரண்டு வருஷமாகச் சொன்ன பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. ரோவீனா அந்த நாற்காலியையும் பூனையையும் பார்த்தாள்.

"இருக்கான்" என்றாள். "ஆனா அனுப்ப முடியாது. நீ வா."